அப்பாவின் பங்கு

மணலை மீனின் தலை வழமைபோல அப்பாவின் பீங்கானுக்குத்தான் போனது.

புஸ்பம் அதன்மேல் இன்னொரு பீங்கானைக் கவிழ்த்துப் பாயின் தலைமாட்டில் வைத்தாள். பிள்ளைகள் அதைத் தொட்டால் தோலை உரித்துவிடுவாள். ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போன மனிசன் எந்த நேரமும் பசியோடு வரலாம் அல்லவா? பின்னேரமானால் அந்தச் சோற்றைக் கோழிகள் தின்னும். மறுநாளும் வைப்பாள்.

பள்ளிக்கூடம் முழுக்க அகதிகள், வகுப்பு இல்லை. ரீச்சரான புஸ்பத்துக்கு வாய் சும்மா இருக்குமா? சாப்பிட இருந்த பிள்ளைகள் இரண்டும் அகப்பட்டுக்கொண்டார்கள்.

சோறு மாப்பொருள். குட்டிக் குட்டிச் சீனிகள் கைகோத்து நிற்கின்றனவாம், மென்றால் இனிக்குமாம். சின்னவன் மென்று மென்று, இனிக்குது இனிக்குது என்று கூத்தாடினான். மீன் புரதம். பால்சொதியில் மினுங்குவது கொழுப்பு.

உயிருள்ள எல்லாவற்றிலும் இருக்கும் நாலாவது பொருள், கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல். டி.என்.ஏ. மூக்கு எப்படி, முடி எப்படி என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து.

மூத்தவள் இராசாத்தி விடவில்லை. என்ன குடி, என்ன வம்சம் என்று கோயிலில் கேட்டால் அம்மாவின் குடியைத்தானே சொல்கிறோம், பிறகு அப்பாவிடமிருந்து என்ன வருகிறது என்றாள்.

"குடி என்ட குடிதான் மகள். உடம்புல பாதி அப்பா."

சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுக்கத் திரும்பினாள்.

அதற்குள் சின்னவன் தவழ்ந்து போய் மூடியைத் தூக்கி, மீன் தலையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டான்.

"நான் பாதி அப்பாதானே?"

புஸ்பத்தின் கை ஓங்கியது.

அவன் மீனின் கண்ணை உறிஞ்சி, இடது கன்னத்தில் அடக்கி, தன் கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தலையை ஆட்டினான். அச்சு அசல் அந்த மனிசன். ரீச்சர் படித்த புத்தகங்களில் இது இல்லை. அப்பாவைக் கொண்டுபோனபோது இவன் அவள் வயிற்றில் இருந்தான்.

ஓங்கிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடக்க முடியவில்லை. கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள், பார்த்த இராசாத்தியும் சேர்ந்துகொண்டாள்.

சின்னவன் பீங்கானை நீட்டினான்.

"அப்பாக்கு இன்னும் ஒள்ளுப்பம் சோறு போடுங்கம்மா."

பானையைச் சுரண்டிப் போட்டாள். அன்று கோழிகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.