முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

“மனிசனை மனிசனாப் பாக்காமல் செலவாப் பாக்கிற நாடும் ஒரு நாடோ?”

லோயரின் மேசையில் தாள் கட்டைத் தொப்பென்று வைத்தார் பேரின்பநாதன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் கையெழுத்து. ஜான்-டலோன் சந்தை வாசலில் மூன்று சனிக்கிழமை குளிரில் நின்று வாங்கியது.

பக்கத்துக் கதிரையில் யதுர்ஷன். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவன். படித்து முடித்து, வேலை எடுத்து, நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்திருந்தான்.

அவனுக்கு நரம்பு வருத்தம் ஒன்று உண்டு. மாதம் ஓர் ஊசி போட்டால் மற்றவர்களைப் போல ஓடித் திரியலாம். அந்த ஊசிதான் விலை கூட. விண்ணப்பத்துக்கான மெடிக்கலில் ஒளிக்காமல் சொன்னான். போன மாதம் குடிவரவுக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது: உமது மருத்துவச் செலவு அளவுக்கு மீறியது, அதனால் விண்ணப்பம் மறுக்கப்படலாம், பதில் இருந்தால் தொண்ணூறு நாளுக்குள் சொல்லவும்.

“ஊரிலை ஆரும் இல்லாத பெடியன். நாங்கள் விட்டா ஆர் பாக்கிறது?” என்று தமிழ்ச் சங்கத்தில் முதலில் எழும்பியவர் பேரின்பநாதன்தான்.

லோயர் பிரெஞ்சுக்காரி. பேரின்பநாதனின் பிரெஞ்சு முப்பது வருடமாகப் ‘போன்ஜூர்’, ‘மெர்சி’யோடு நிற்கிறது. மொழிபெயர்க்க மகள் பிரஷாந்தினி அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

“கேள் பிள்ளை, வருத்தம் வந்தது இவன்ரை குற்றமோ எண்டு.”

கேட்டாள். லோயர் தாள்களைப் புரட்டிவிட்டு நீளமாக ஏதோ சொன்னார்.

“கையெழுத்து வாங்கினது நல்ல விஷயமாம். ஆனா அதிகாரி அதைப் பாக்க மாட்டாராம். ஊசிச் செலவை ஆர் பொறுப்பெடுக்கிறது எண்டுதான் பாப்பாராம்.”

“நான் அகதியா வரேக்கை எனக்குச் சலரோகமும் பிரஷரும். ஒருத்தரும் கேக்கேல்லையே!”

“அகதிகளிட்டை அந்தக் கேள்வி இல்லையாம் அப்பா.” பிரஷாந்தினி லோயர் சொல்வதை முழுதாகக் கேட்டாள். “இங்கத்தைப் பிரஜை ஒராள் தன்ரை புருசனையோ மனிசியையோ ஸ்பொன்சர் பண்ணினாலும் அந்தக் கேள்வி இல்லையாம்.”

பேரின்பநாதன் கதிரை நுனிக்கு வந்தார்.

“பேந்தென்ன! ஒரு கலியாணத்தைக் கட்டினாச் சரி. எங்கடை சனத்திலை பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பஞ்சமோ? வருத்தக்காரன் எண்டு பின்னுக்கு நிக்கிறவள் ஒரு பொம்பிளையே? தம்பி, நான் முன்னுக்கு நிண்டு கட்டி வைக்கிறன்!”

பிரஷாந்தினி இதைப் பிரெஞ்சில் சொன்னதும் லோயர் விரலை உயர்த்தினார்.

“கடதாசிக்காகக் கட்டினாக் குற்றமாம். உண்மையான உறவா இருக்கோணுமாம்.”

லோயர் யதுர்ஷனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அவன் பிரஷாந்தினியைப் பார்த்தான். பதிலை அவளே சொன்னாள். லோயர் திரும்பவும் கேட்டார். பிரஷாந்தினி திரும்பவும் சொன்னாள். லோயர் பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார்.

“என்ன பிள்ளை, அவனைக் கேக்க நீ கதைக்கிறாய்? என்னவாம்?”

“யதுவுக்கு ஆரும் இருக்கினமோ எண்டு கேட்டவ.”

“நீ என்ன சொன்னனீ?”

“நான் இருக்கிறன் எண்டு.”

பேரின்பநாதன் யதுர்ஷனைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

“ரெண்டு வருசம் அப்பா. ஊசி போடுற நாளிலை நான்தான் கூடப் போறனான். உங்களுக்குச் சொல்லுவம் எண்டிருக்கேக்கை கடிதம் வந்திட்டுது. இப்ப சொன்னாக் கடதாசிக்குத்தான் எண்டு சனம் கதைக்கும், வேண்டாம் எண்டு இவர்தான் மறிச்சவர். எனக்குச் சனத்தைப் பற்றிக் கவலையில்லை.”

“அங்கிள்…” என்று யதுர்ஷன் எழும்பினான்.

பேரின்பநாதன் குளிர் ஜாக்கெட்டைப் போட்டு, அதன் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தார். மகளைக் கதவடிக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பிள்ளை, யோசிச்சுப் பாத்தா அரசாங்கம் சொல்லுறதிலையும் ஒரு நியாயம் இருக்கு.”