சமையல்கட்டில் ஸ்பானிஷ் பாட்டு

பாண்டீஸ்வரிக்குப் பத்திக்கொண்டு வந்தது.

நாளைக்கு அலர்மேல்மங்கை ஆஸ்பத்திரியில் சேரணும். மறுநாள் இதய ஆபரேஷன். பக்கத்து வீட்டுக்காரி இவளுக்கே காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. கட்டின புருஷன் கிரிதரன் என்னடாவென்றால், போனில் பாட்டை வைத்து, கூடவே பாடிக்கொண்டு கஞ்சி கிண்டுகிறார்!

பாட்டாவது உருப்படியான பாட்டா? ஒரே டும்மு டும்மு இடி. ஸ்பானிஷாம். ரெகேட்டோனாம். அம்பது வயசை எட்டப்போகிற ஜவுளிக்கடை முதலாளிக்கு, அதுவும் திருநகரில், இது தேவையா?

கொண்டுவந்த ரசத்தை மேசையில் வைத்துவிட்டு நேரே அலர்மேல்மங்கையிடம் போனாள்.

"என்ன மங்கை இது? உன்னையப் படுக்க வச்சுட்டு அண்ணன் கச்சேரி நடத்துறாரு? டாக்டர்கிட்டயும் இப்படித்தான், சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறாரு. மனுசனுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? இரு, நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்."

"அக்கா, நில்லுங்க!"

கையைப் பிடித்து உட்கார வைத்தாள் அலர்மேல்மங்கை. தலையணைக்கடியிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினாள்.

"அந்தப் பாட்டோட அர்த்தம். தமிழ்ல இருக்கு, படிங்க."

வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினாள்.

'என்னை விட்டுப் போயிராதே. ஊருக்கு முன்னால நான் பெரிய வீரன். நீ இல்லாட்டி இருட்டைக் கண்டு அழுகிற பிள்ளை. உன் கால்ல விழுந்து கேக்குறேன், என்கூட இருந்திரு...'

பாண்டீஸ்வரிக்குக் குரல் இறங்கிவிட்டது. "அண்ணனுக்கு அர்த்தம் தெரியுமா?"

"தெரிஞ்சுதான் பாடுறாரு. அவரு போன்ல தேடி வச்சிருந்ததைப் பாத்துத்தான் எனக்கே தெரியும். டாக்டர் ஆபரேஷன்னு சொன்ன அன்னைக்கு ஆரம்பிச்சதுக்கா. வீட்டுல நாங்க பேசுறது சௌராஷ்டிரம், கடையில தமிழ். ரெண்டுலயும் அவருக்கு இந்த வார்த்தை வாய்ல வராது. சொன்னா எனக்குப் புரிஞ்சிரும்ல? நானும் பயந்துருவேன்னு நினைக்கிறாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா வெக்கப்பட்டுக்கிட்டுப் பாடவே மாட்டாரு. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் தைரியமா இருக்கேன். சொல்லிறாதீங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பாண்டீஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனைத் தலையணைக்கடியில் தள்ளவும், கிரிதரன் கஞ்சியோடு உள்ளே வரவும் சரியாக இருந்தது. பாட்டு அவர் சட்டைப் பையில் ஓடிக்கொண்டிருந்தது.

இவளைப் பார்த்ததும் மனுசன் பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தினார்.

"அடடா, வாம்மா... வந்ததைக் கவனிக்கலையே. சத்தம் தொந்தரவா இருக்கோ?"

பாண்டீஸ்வரி முகத்தைச் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டாள்.

"ஏண்ணே நிப்பாட்டுனீங்க? எங்க ரெண்டு பேருக்கும் ஒரு மண்ணும் புரியல. தாளம் நல்லாருக்குன்னு கேட்டுக்கிட்டிருக்கோம், சத்தமா வைங்க!"