அவன் பியானோவின் வயர்

மேடையில் டேனியல் வாசிப்பதுபோல் விரல்களை ஓட்டுவான். திரைக்குப் பின்னால் உண்மையில் வாசிப்பவள் அவன் மனைவி ஜாஸ்லின். அவனுடைய டிஜிட்டல் பியானோவிலிருந்து ஸ்பீக்கருக்கு வயரே போகாது. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

இன்றைய பாராட்டு விழாவில், "உங்க மிஸஸும் வாசிப்பாங்களா?" என்று கேட்டார்கள்.

"இவளா? வயர் மாட்டுவா" என்றான். கூட்டம் சிரித்தது. ஜாஸ்லினும் சிரித்து வைத்தாள்.

அவன் மாலைக்குத் தலைகுனிந்திருந்தபோது, அவன் பியானோவிலிருந்து ஒரு வயரைத் திரைக்குப் பின்னால் இழுத்து வந்தாள். ஒலி மிக்ஸரிலிருந்து தன் பியானோவின் வயரை உருவிவிட்டு, அந்த இடத்தில் அதைச் செருகினாள். ஒலியை முழுக்க ஏற்றினாள்.

"ரெடியா?" திரையோரம் வந்து கிசுகிசுத்தான்.

"எல்லாம் சரியா இருக்குங்க. போய் வாசிங்க."

டேனியல் கூட்டத்தைக் கும்பிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் உயரத் தூக்கினான்.