வாடை அளக்கும் கதவு

மீன் சந்தையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் புதிதாகப் பொருத்திய வாசல் கதவு, வருகிறவர்களின் வாடையை அளந்த பிறகே திறக்கும். அங்கே மூன்றாம் மாடியில் குடியிருந்த மீன்காரி அமலோற்பவத்துக்கு அது திறக்கவில்லை. மகள் சகாயராணி கீழே வந்து கெஞ்சினாள்.

"யம்மா, ஏவாரத்த விட்டுரும்மா. ஒரு மாசத்துல வாடை போயிரும்லா."

அமலோற்பவம் சந்தையில் இருபது வருடம் உட்கார்ந்த இடத்தை விட்டுக்கொடுத்தாள். தங்கை வீட்டில் தங்கி, தினமும் மூன்று வேளை சீயக்காய் தேய்த்துக் குளித்தாள். மாதம் முடிந்ததும் துவைத்த சேலையில் வந்து நின்றாள். கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

காவலாளி தலையைக் குனிந்துகொண்டார். "தோல்லயே ஊறிட்டுன்னு காட்டுதுக்கா. இனிமே தொறக்காது."

மறுநாள் விடிந்ததும் அவள் சந்தைக்குப் போனாள். அவளுடைய இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள்.