நாப்பத்தொரு தொப்பி

"உங்கப்பாவுக்குத் தொப்பிப் பைத்தியம் பிடிச்சிருக்குடா. உடனே கிளம்பி வா."

அம்மா பிலோமினம்மாள் போன்ல போட்ட சத்தத்துல, ரயன் பிடோக்கிலிருந்து கிளம்பி புக்கிட் பாத்தோக் வந்து சேர்ந்தான். சிங்கப்பூரோட அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி.

அப்பா சிலுவைராஜ் சோபாவுல உக்காந்து போனைத் தடவிக்கிட்டிருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். வெயில்லகூட தொப்பி போட்டதில்ல.

"கேம்ல தொப்பி வாங்குறாருடா! நெசக் காசு குடுத்து! போன மாசம் நூத்தம்பது வெள்ளி. தேக்கா மார்க்கெட்டுக்கு ஆட்டுக்கறி வாங்க அனுப்பினா, உள்ள நெட் லைன் கிடைக்கலன்னு வெளிய வந்து நின்னு தொப்பி வாங்கியிருக்காரு."

"கறி?"

"மறந்துட்டாரு. அன்னிக்கு ரசம்."

ரயன் அப்பா பக்கத்துல உக்காந்தான்.

"ப்பா, யார்கூட விளையாடுறீங்க?"

"யார்கூடவும் இல்ல. தனியாத்தான்."

"அப்ப அந்தத் தொப்பிய யாரு பாப்பா?"

"நான் பாப்பேன்."

ரயன் தலையச் சொறிஞ்சான்.

"ஆமா, தனியா ஆடுற ஆட்டத்துக்கு எதுக்குடா நெட்டு? லிஃப்டுக்குள்ள போனாலே நின்னுடுது," அப்பா கேட்டார்.

ரயனுக்கு வேலையே கேம் கம்பெனியிலதான். இதெல்லாம் அத்துப்படி.

"நெட் இல்லன்னா கடைய எப்படி ப்பா திறந்து வைக்கிறது? நீங்க விளையாடணும்னு இல்ல, வாங்கணும்னுதான் நெட்டு. 'இன்னிக்கு மட்டும்தான்'னு ஒரு தொப்பி வருமே?"

"வரும். சிவப்பு எழுத்துல."

"அதுதான் ட்ரிக்! உங்கள மாதிரி ஆளுக்கு எங்க ஆபீஸ்ல திமிங்கலம்னு பேரு. பத்தாயிரம் பேரு சும்மா விளையாடுவாங்க. ஒரே ஒருத்தன் எல்லாத்தையும் வாங்குவான். எங்க கேம்லயும் ஒருத்தன் இருக்கான், மொத்தத் தொப்பியும் வாங்கிட்டான். யாரு அந்த ஏமாளின்னு மீட்டிங்ல ஒரே சிரிப்பு."

"சிரிச்சீங்களா?"

"பின்ன?"

அப்பா கண்ணாடியக் கழட்டித் துடைச்சார்.

அம்மா ஒரு தட்டு நிறைய பருப்பு வடை கொண்டு வந்து வச்சாங்க.

"நானுந்தான் விக்கிறேன். பன்னண்டு வருஷமா சர்ச் ஃபன் ஃபேர்ல வடை ஸ்டால் போடுறேன். கூப்பனக் குடுத்தா கையில வடை. பதினோரு மணிக்குள்ள அத்தனையும் காலி! பக்கத்து ஸ்டால் மிரண்டாவோட கேக்கு சாயங்காலம் வரைக்கும் ஈ ஓட்டும். அதுதான்லா வியாபாரம். போன்ல இருக்கிற தொப்பிய எந்தத் தலையில போடுறது?"

ரயன் ஒரு வடைய எடுத்துக் கடிச்சான். வடை அசையல. இன்னொரு பக்கம் திருப்பிக் கடிச்சுப் பாத்தான்.

"எப்படிடா?"

"சூப்பர்மா."

அம்மா சந்தோஷமா உள்ள போனாங்க, அடுத்த ஈடு போட.

"போனக் குடுங்க ப்பா. அந்தக் கேம டிலீட் பண்ணிடுறேன்."

அப்பா போனை நீட்டினார்.

ரயன் கேமைத் திறந்தான்.

ஒரு குட்டிப் படகு. அதுல ஒரு நீர்நாய். தலையில ஓலைத் தொப்பி.

அந்த ஓலையோட ஒவ்வொரு கோடும் ரயனுக்குத் தெரியும். மூணு நாள் உக்காந்து அவன் வரைஞ்ச தொப்பி அது. கீழ 'தொப்பிகள் 41/41'னு போட்டிருந்தது. நாப்பத்தொண்ணும் அவன் வரைஞ்சது. இதுவரைக்கும் வீட்ல யாருக்கும் காட்டினதில்ல.

"ப்பா... இது எங்க கேம்."

"தெரியும்."

"எப்படி?"

"கிறிஸ்மஸுக்கு வந்தப்ப கிச்சன்ல நின்னு யார்கிட்டயோ போன்ல பேசின. கேம் பேரச் சொன்ன. தொப்பி விக்கல, இப்படியே போனா வரையுற ஆளுங்களத்தான் முதல்ல வீட்டுக்கு அனுப்புவாங்கன்னு சொன்ன. எங்ககிட்ட ஒண்ணும் சொல்லாம சிரிச்சிக்கிட்டே பிரியாணி சாப்பிட்டுப் போயிட்ட."

ரயன் போனையே பாத்துக்கிட்டிருந்தான். நீர்நாய் அவனைப் பாத்துக் கையாட்டிச்சு.

"ஒருத்தர் மட்டும் வாங்கினா என் வேலை நிலைக்காது ப்பா. மாசக் கடைசியில வேலை இல்லன்னு சொல்லிடுவாங்க."

"நிலைக்காட்டிப் போவுது. வேற வேலை பாத்துக்கலாம். நீ ராத்திரி பகலா வரைஞ்சு வச்சத ஒரு ஆளுகூட வாங்கலன்னு இருக்கக் கூடாதுல்ல?"

ரயன் குனிஞ்சு இன்னொரு வடைய எடுத்தான். மெல்ற மாதிரி மூஞ்சிய மறைச்சுக்க வசதியா இருந்தது.

"சாரி ப்பா. அந்த மீட்டிங்ல... நானும் சிரிச்சேன்."

"பரவால்லடா. திமிங்கலம்னுதானே சொன்னீங்க. பெரிய மீனுதான்."

கிச்சன்லேர்ந்து அம்மா குரல் வந்தது. "டிலீட் பண்ணிட்டியாடா? நல்லா உறைக்கிற மாதிரி சொல்லு! விக்கிறதுன்னா என்ன, வாங்குறதுன்னா என்னன்னு இந்த வீட்ல எனக்கு மட்டுந்தான் தெரியும்!"

"அம்மாகிட்ட உண்மையச் சொல்லிடலாம் ப்பா. பாவம், உங்களத் தப்பா நினைக்கிறாங்க."

அப்பா பதறிப்போய் அவன் கையப் பிடிச்சார்.

"வாய மூடுடா! ஒண்ண ஆரம்பிச்சா எல்லாம் வெளிய வந்துடும். ஃபன் ஃபேருக்கு மறுநாள் திங்கக்கிழமை எங்க பழைய பஸ் டிப்போ பூரா, வருஷா வருஷம், நான் ஆள விட்டு வாங்கின உங்கம்மாவோட வடைதான்."