ஜன்னலுக்கு நேரே ஒரு பேருந்து

கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்த கல்யாண மண்டபத்தில் மின்விசிறி ஓடியும் எல்லோருக்கும் வியர்த்தது. சாலையின் இடது ஓரத்தைப் பேருந்துகளுக்கு மட்டும் ஒதுக்கலாமா என்று கேட்க வந்த பொறியாளர் நிலோஃபர், வரைபடத்தை விட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். “பஸ்ல போறவங்க யாரையும் இன்னும் காணோமே.” ஜவுளிக்கடைக்காரர் தங்கமாரி பொறுமையிழந்தார். “வந்திருக்கிறவங்ககிட்ட கேட்டு முடிங்க மேடம். ஓரத்தை பஸ்ஸுக்குக் குடுத்துட்டா எங்க கஸ்டமர் காரை எங்க விடுவாங்க?” கூட்டத்துக்கு வந்தவர்களின் கார்கள் வெளியே இரண்டு வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே சிக்கிய ஒரு பேருந்து, மண்டபத்து ஜன்னலுக்கு நேரே நகர முடியாமல் உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. “இந்தச் சத்தத்துல உட்கார முடியல, சீக்கிரம் ஆகட்டும்,” என்று பின்வரிசையில் யாரோ முனகினார். நிலோஃபர் மைக்கைப் பிடித்தார். “சரி. பஸ்ஸுக்குத் தனிப்பாதை வேணும்ங்கிறவங்க கையைத் தூக்குங்க.” மண்டபத்தில் ஒரு கையும் எழவில்லை. தங்கமாரி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நிலோஃபர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பேருந்துக்குள் நெருக்கியடித்து நின்றவர்கள் எல்லோரும் மேல்கம்பியைப் பிடித்தபடி கையைத் தூக்கியிருந்தார்கள். அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். “ஒண்ணு,” என்றார்.