வெயிலில் அடித்த மணி

பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்ததுமே நர்ஸ் செல்லப்பாக்கியத்துக்கு விளங்கிவிட்டது. தொண்டை அடைப்பான்.

உள்நாக்கைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள் கருப்பாயி.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் இதற்கு மருந்து கிடையாது. ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். நல்ல வேளையாக, ரப்பர் கட்டு ஏற்றிய லாரி பள்ளிக்கூடத்து வாசலிலேயே நின்றது.

லாரி இருக்கிறது. டிரைவர் கனகராஜ் இருக்கிறான். பெற்றவளைத்தான் காணோம்.

"உன்ர அம்மா எந்தப் பக்கம் பால் வெட்டுறா, பிள்ளை?"

கருப்பாயி பேச முடியாமல் மலைப் பக்கம் கையைக் காட்டினாள். மலை முழுக்க ரப்பர் மரம்தான். ஒருத்தி முகம் இன்னொருத்திக்குத் தெரியாமல், ஆளுக்கொரு நிரையில் பால் வெட்டிக்கொண்டிருப்பார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் புதிது. தகப்பன் இல்லை, தாயின் பேர் அங்கம்மா என்பதற்கு மேல் வாத்தியாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அங்கம்மாவைத் தேடி மலையேறிய வாத்தியாரும் திரும்பவில்லை. இனி அவரைத் தேட ஓர் ஆள் அனுப்ப வேண்டும் போலிருந்தது.

"இதுக்கு மேல நின்னா சரிப்படாதுங்க மிஸ்ஸி. பிள்ளைய ஏத்துங்க, போலாம்," என்றான் கனகராஜ்.

அவன் சொல்வது நியாயம்தான். ஆனால் செல்லப்பாக்கியத்துக்கு மனசு கேட்கவில்லை. போகிற வழியிலேயே என்ன வேண்டுமானாலும் ஆகலாம். வேலை முடிந்து வருகிறவளிடம், உன் பிள்ளையை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டோம் என்று எந்த வாயால் சொல்வது? அதற்குப் பிறகு அவள் எதில் ஏறி, யாரைக் கேட்டு அவ்வளவு தூரம் வருவாள்? பிள்ளையின் முகத்தை உயிரோடு பார்க்க இந்த நேரத்தை விட்டால் அவளுக்கு வேறு நேரம் கிடைக்குமோ என்னவோ.

பக்கத்தில், பால் நிறுக்கும் ஸ்டோர் வாசலில் மணி தொங்கியது. மணி என்று பேர்தான், ஒரு தண்டவாளத் துண்டு.

வேலை முடிகிற நேரத்தில் அதை அடிப்பார்கள். நடுவில் அடித்தால் மழை வருகிறது என்று அர்த்தம். வெட்டினவரைக்கும் பாலை வாளியில் சேர்த்துக்கொண்டு எல்லோரும் ஸ்டோருக்கு ஓடிவர வேண்டும். காரணமில்லாமல் அடித்தால் தோட்டத்துக்குப் பால் நஷ்டம், ஆட்களுக்குப் பாதிச் சம்பளம். அடித்தவளுக்கு வேலையே போய்விடும்.

வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

ஆனது ஆகட்டும் என்று செல்லப்பாக்கியம் பிள்ளையை லாரியில் கிடத்திவிட்டு இரும்புக் கம்பியை எடுத்தாள். கை மரத்துப்போகும் வரை அடித்தாள்.

கங்காணி வீரமுத்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஐயோ மிஸ்ஸி, என்ன காரியம் பண்றீங்க? மழை எங்க பெய்யுது?"

அவள் நிறுத்தவில்லை.

சரிவில் பெண்கள் இறங்கி வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவள் கையில் வாளி இல்லை. அவளுக்குப் பின்னால் வந்தவளிடமும் இல்லை. ஒருத்தி பால் வெட்டும் கத்தியைக்கூடக் கீழே போட மறந்து ஓடி வந்தாள்.

செல்லப்பாக்கியத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மழை மணிக்கு வாளியோடு அல்லவா வர வேண்டும்?

அவர்கள் ஸ்டோர் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தார்கள். மலையில் நின்றபடியே வானத்தைப் பார்த்திருக்கிறார்கள். வெயில் காயும்போது மணி அடித்தால் அது மழைக்கில்லை, ஏதோ கெட்டதற்கு என்று தெரிந்திருக்கிறது. கெட்டது என்றதும் ஒவ்வொருத்திக்கும் தன் பிள்ளைதான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

தன் பிள்ளையைக் கண்டவள் அதை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு லாரியில் கிடந்த கருப்பாயியைப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்களில அங்கம்மா ஆர்?"

ஒருத்தி இல்லையென்று தலையாட்டினாள். அடுத்தவளும் ஆட்டினாள். அந்த முகங்களில் தெரிந்த நிம்மதியைப் பார்க்கச் செல்லப்பாக்கியத்துக்கு எரிச்சலாக வந்தது. நாமும் ஒரு பிள்ளையைப் பெற்று அங்கே நின்றிருந்தால் அப்படித்தான் நிம்மதிப்பட்டிருப்போம் என்று தோன்றியதும் எரிச்சல் அடங்கிவிட்டது.

கனகராஜ் வண்டியைக் கிளப்பினான். செல்லப்பாக்கியம் ஏறிப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். தாய்க்காரி வழி தெரியாமல் நிற்கிறாளா, மணி காதில் விழவே இல்லையா? செல்லப்பாக்கியம் திரும்பித் திரும்பிச் சரிவையே பார்த்தாள்.

அப்போதுதான் ஒருத்தி சரிவின் கடைசியில் தெரிந்தாள். ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஆனால் கையில் இருந்ததைச் சிந்திவிடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள்.

வாளி நிறையப் பால்.

அங்கம்மா கப்பலைவிட்டு இறங்கி ஒரு மாதம்கூட ஆகாதவள். மணி அடித்தால் பாலை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு ஓடி வா என்று கங்காணி சொல்லிக் கொடுத்திருந்தார். இந்த ஊரில் மழை எப்படி வரும், எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

கூட்டத்தையும் வெறுங்கைகளையும் பார்த்து அவள் வெட்கத்தோடு சிரித்தாள்.

"எல்லாரும் எடை போட்டாச்சா? நாந்தான் கடைசியா?"

அதுவரை கத்திக்கொண்டிருந்த வீரமுத்து கிட்டப் போய், அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார்.

"லாரில ஏறு தாயி," என்றார்.

எதற்கு, எங்கே என்று ஒரு வார்த்தை கேட்காமல், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அதே சிரிப்போடு அவள் ஏறினாள்.